மணம் தெரியாதவருக்கு ஒரு விருந்து

போன கிழமை சாந்தெல் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். எங்கள் உணவகத்தில் இனி மேசை பதிவு செய்யத் தொலைபேசி எடுக்க வேண்டியதில்லையாம்; எல்லாம் கைபேசிச் செயலியில்தானாம். எத்தனை பேர் வருகிறார்கள், என்ன விசேடம், எதைச் சாப்பிட மாட்டார்கள் என்று எழுத ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதாம். சாந்தெல் பதினைந்து வருடம் எனக்குப் பக்கத்து அடுப்பில் நின்றவள். இப்போது அந்தக் குசினி அவள் பொறுப்பில் இருக்கிறது. புதிதாக வந்த சமையற்காரர்களுக்கு, எங்கள் முதலாளி அம்மா மடம் ஒடீல் மூக்கில் உடுப்புக் கிளிப் மாட்டிக்கொண்டு தாரா என்கிற வாத்து இறைச்சி தின்ற கதையைச் சொன்னாளாம். ஒருவரும் நம்பவில்லை. "நீ எழுது, குணா. நான் மொழிபெயர்ப்பித்துக் கொடுக்கிறேன்" என்று முடித்திருந்தாள். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. மோர்னிங்சைட்டில் பல்கனித் தக்காளிக்குத் தண்ணீர் விடுவதைத் தவிர அவசர வேலை ஒன்றும் இல்லை. எழுதுகிறேன்.

மார்க்கம் நகரைத் தாண்டி வடகிழக்கே போனால் வீடுகள் குறைந்து சோள வயல்கள் தொடங்கும். அங்கே ஒரு பழைய கல்வீடு. பன்னிரண்டு மேசை. முன்னால் அப்பிள் மரங்கள், பின்னால் காய்கறிப் பாத்தி. பிரான்சின் நடுப்பகுதிக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த மடம் ஒடீல், தன் ஊர்ச் சாப்பாட்டை மட்டுமே அங்கே சமைத்தார். பிறந்தநாள், கலியாண நாள், பட்டமளிப்பு என்று ரொறன்ரோவிலிருந்து ஒரு மணித்தியாலம் கார் ஓடி ஆட்கள் வருவார்கள்.

நான் கோப்பை கழுவத்தான் போனேன். பஸ் போகாத இடம் என்பதால் வேறொருவரும் அந்த வேலைக்கு வரவில்லை. என்னிடம் ஓட்டை விழுந்த கார் ஒன்று இருந்தது. முதல் நாள் மடம் பிரெஞ்சில் ஏதோ சொல்லிக் கையைக் காட்டினார். அதில் 'குசீன்' என்ற ஒரு சொல் மட்டும் எனக்கு விளங்கியது. "குசினி" என்றேன். அவர் நின்று, திரும்பச் சொல்லச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் சமையலறைக்கு அதுதான் பெயர் என்று அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினேன். அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. மூன்று வருடம் கோப்பை, பிறகு வெங்காயம், பிறகு சூப், பிறகு இறைச்சி. இருபத்தெட்டு வருடத்தை இதற்குமேல் சுருக்க எனக்குத் தெரியாது.

மடம் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. பிரெஞ்சிலும் எங்களைப் போல நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. கோப்பை கழுவிய என்னையும் அவர் 'நீங்கள்' என்றே அழைத்தார். மாலை ஐந்து மணிக்கு, கதவு திறக்க முன், ஒரு கிண்ணம் நிறையச் சின்னக் கரண்டிகளோடு அடுப்பு அடுப்பாக வருவார். ஒவ்வொரு சோஸிலும் ஒரு கரண்டி. கண்ணை மூடுவார். சரியென்றால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த அடுப்புக்குப் போய்விடுவார். பிழையென்றால் அந்தக் கரண்டியை எங்கள் வெட்டுப் பலகையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். என்ன பிழை என்று சொல்ல மாட்டார். நாங்களே கண்டுபிடித்துத் திருத்தும்வரை, நேரம் எவ்வளவு ஆனாலும், நிற்பார். அந்த நிற்பைவிட ஏச்சு வாங்குவது சுகம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

தர்மலிங்கம் என்ற பெயரில் மேசை பதிவான வருடம் நான் இறைச்சி அடுப்பில் இருந்தேன். மூன்று பேர், கலியாண நாள், மாட்டிறைச்சி வேண்டாம். எங்கள் சூப்பும் சோஸும் மாட்டெலும்புச் சாற்றில்தான் தொடங்கும். நான் மடத்திடம் கேட்டுக் கோழி எலும்பை வறுத்து, குமிழி மட்டும் வருகிற சூட்டில் ஆறு மணித்தியாலம் வைத்து, வேறாக ஒரு சாறு எடுத்தேன். அன்று தாரா இறைச்சி போனபின் பரிமாறுகிற மார்க் உள்ளே வந்து, தர்மலிங்கம் மேசையிலுள்ள அம்மா சோஸில் தோடம்பழத் தோல் இருக்கிறதா என்று கேட்கிறார் என்றான். கறுவாவும் இருக்கிறதாம், ஆனால் மிகக் கொஞ்சமாம். எனக்கு மயிர் கூச்செறிந்தது. ஒரு தாச்சி சோஸுக்கு ஒரு விரல் நகமளவு கறுவாதான் போடுவோம். ஓர்டர் எழுதும் துண்டு ஒன்றைக் கிழித்துத் தமிழில் எழுதிக் கொடுத்தேன்: "ஓம். ஆனால் ஒன்றை விட்டிட்டியள்." சற்று நேரத்தில் துண்டு திரும்பி வந்தது. பின்பக்கத்தில் நேர்த்தியான எழுத்தில் 'கராம்பு' என்று இருந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு ஒக்ரோபரும் அவர்கள் வந்தார்கள், துண்டும் வந்தது. சமையற்காரர் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகக்கூடாது என்பது மடத்தின் விதி. அதனால் துண்டு எழுதிய மங்களம் அக்காவின் முகத்தை நான் பார்த்ததில்லை. எழுத்தை மட்டும் தெரியும். ஏழு வருடத்தில் இரண்டு முறைதான் பிழை விட்டார். ஒக்ரோபர் நெருங்கினால் அவருக்குப் பிடிபடாத ஏதாவது ஒன்றைச் சோஸில் ஒளிக்க நானும் முயல்வேன். மடத்துக்கு இது தெரியும். ஒரு வருடம் அவரே ஜாதிப்பத்திரியைக் கொண்டுவந்து என் பலகையில் வைத்துவிட்டு ஒன்றும் அறியாதவர்போலப் போனார்.

எட்டாம் வருடம் செப்டெம்பர் முடிவில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் தொலைபேசி அடித்தது. மார்க் வெளியே அப்பிள் பொறுக்கிக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். ஆங்கிலத்தில் தொடங்கிய பெண்குரல் என் குரலைக் கேட்டுத் தமிழுக்கு மாறியது.

"அங்கிள், நீங்கள்தானே துண்டு எழுதுறவர்? நான் அபி. மங்களத்தின்ரை மகள்."

ஓம் என்றேன்.

"அம்மாக்கு போன வின்டர் ஒரு காய்ச்சல் வந்தது. அதோடை ஸ்மெல் போயிட்டுது அங்கிள். டேஸ்ட்டும் இல்லை. திரும்பி வரலாம், வராமலும் விடலாம் எண்டு டொக்டர் சொல்லுறார். அவ இப்ப சமைக்கிறேல்லை. சாப்பாடும் மருந்து குடிக்கிற மாதிரி ரெண்டு வாய். உங்கை வரமாட்டன் எண்டு நிக்கிறா. அப்பாதான் புக் பண்ணு எண்டவர். நாற்பதாவது ஆனிவேர்சரி."

"நான் என்ன சமைக்கிறது பிள்ளை?"

"தெரியேல்லை அங்கிள். அதான் கேக்கிறன்."

அபி இன்னொன்றும் சொன்னாள். மங்களம் அக்கா இளவயதில் கோயில் படையலுக்குச் சமைத்துப் பழகியவர். படைக்க முன் வாயில் வைத்துப் பார்க்கக்கூடாது. உப்பு, புளி, வேக்காடு எல்லாவற்றையும் ஆவியை முகர்ந்தே சொல்லிவிடுவார். கனடா வந்து, பகலில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்து, மாலையில் சமைத்த காலத்திலும் அப்படித்தான். இப்போது அடுப்புக்கு முன்னால் நின்றால் கண்ணைக் கட்டி விட்டதுபோல் இருக்கிறது என்று அழுகிறாராம். சட்டைகள் எல்லாம் தோளில் தொங்குகின்றனவாம்.

மடம் வெங்காயம் உரித்துக்கொண்டே இதைக் கேட்டார். மணம் மட்டும் போய்விட்டதா, நாக்கும் போய்விட்டதா என்றார். எனக்குத் தெரியவில்லை. திரும்ப அழைத்து விசாரித்தேன். உப்பு, இனிப்பு, புளிப்பு, கசப்பு நாக்குக்குத் தெரிகிறது. அதற்குமேல் ஒன்றும் இல்லை என்றாள் அபி.

"அப்படியென்றால் நாக்கு இருக்கிறது. பல் இருக்கிறது. காது இருக்கிறது" என்றார் மடம். "திங்கட்கிழமை வாருங்கள்."

திங்கள் எங்களுக்கு விடுமுறை. நானும் சாந்தெலும் போனபோது மடம் பின்முற்றத்துக் கொடியிலிருந்து மரக் கிளிப்புகளைக் கழற்றிக்கொண்டு வந்தார். மேசை துடைக்கும் துணி காயப்போடுகிற கிளிப்புகள். மூன்றை மேசையில் வைத்தார். முதலில் தன் மூக்கில் மாட்டிக்கொண்டார். எழுபது வயது தாண்டிய மனுசி, வெள்ளைச் சட்டை, இறுக்கிக் கட்டிய கொண்டை, மூக்கில் ஒரு கிளிப். நான் சிரிக்கவில்லை. சாந்தெல் குளிர் அறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

எங்கள் உணவட்டையில் உள்ள எல்லாவற்றையும் மூக்கை மூடிக்கொண்டு சாப்பிட்டோம். முப்பது வருடமாக ஆட்கள் கண் கலங்கிப் புகழ்ந்த தாரா, உப்புத் தண்ணீரில் நனைத்த துணிபோல் இருந்தது. தோடம்பழச் சோஸ் வெறும் இனிப்பும் புளிப்பும். கறுவா, கராம்பு, ஜாதிக்காய் ஒன்றுமேயில்லை. வாயில் மணல் பட்டதுபோல் ஒரு நெருடல் மட்டும். கிறீம் வழுக்கியது, அவ்வளவுதான். நான் கிளிப்பைக் கழற்றினேன். தாராவின் மணம் ஒரேயடியாக வந்து மோதியது. மங்களம் அக்காவுக்குக் கழற்ற ஒன்றும் இல்லையே என்று நினைத்தேன். கிளிப்பைத் திரும்ப மாட்டினேன்.

அதன்பின் எது வேலை செய்கிறது என்று தேடினோம். பாத்தியில் பிடுங்கிய சிவப்பு முள்ளங்கி கடிபட்டது, காதில் கேட்டது, நாக்கைக் கடித்தது. அதன்மேல் குளிர்ந்த பட்டரும் பரல் உப்பும் வைத்தால் இன்னும் நன்றாக இருந்தது. கடுகு விழுது கண்ணில் தண்ணீர் வரவைத்தது. மொறுமொறுத்த தோல் சத்தம் போட்டது. சுடச்சுட வதக்கிய அப்பிளின்மேல் எலுமிச்சை ஐஸ் வைத்து ஒரே கரண்டியில் எடுத்தால் வாய் திடுக்கிட்டது. மடம் ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதினார்.

நான் பொக்கற்றிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தேன். வீட்டிலிருந்து கொண்டுபோன செத்தல் மிளகாய். அந்தக் குசினிக்குள் மிளகாய் வந்ததேயில்லை. மடம் ஒரு துணுக்கை வாயில் வைத்தார். முகம் சிவந்தது, கண் வழிந்தது, கிளிப் தெறித்து விழுந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, இது மூக்கிடம் அனுமதி கேட்பதில்லை என்றார். ஆனால் வேண்டாம் என்றும் சொன்னார். "மிளகாய் அந்த அம்மாவின் வீட்டிலேயே இருக்கிறது, அவர் இங்கே வருவது என் ஊரைச் சாப்பிட" என்றார். அதில் நியாயம் இருந்தது. பொட்டலத்தை என் கோட்டுக்குள் வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு அவர்கள் வந்தார்கள். குசினிக் கதவின் வட்டக் கண்ணாடியால் முதன்முறை எட்டிப் பார்த்தேன். மெலிந்த ஒரு அம்மா, நாவல் நிறச் சேலை, மடியில் கைப்பை. புறப்படத் தயாராக இருப்பவர்போலக் கதிரை நுனியில் இருந்தார். தர்மலிங்கம் அண்ணை கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்தார். அபி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முள்ளங்கி போனது. தட்டு வெறுமையாகத் திரும்பியது. நான்கு முறை கடிக்கிற சத்தம் பக்கத்து மேசை வரை கேட்டதாக மார்க் சொன்னான். மடம் தலையை அசைத்தார்.

அடுத்தது வெங்காய சூப். அதை உணவட்டையில் இருந்தபடியே, அவர்களுக்கு வழக்கமான கோழிச் சாற்றில், மேலே சீஸ் பொருக்கு வெடிக்கிற சூட்டில் அனுப்பினோம். அக்காவுக்கு வருடா வருடம் பிடித்த சூப். பொருக்கை உடைக்கிற சத்தம், சூடு, எல்லாம் கணக்கில் இருந்தது. ஐந்து நிமிடத்தில் கிண்ணம் திரும்பி வந்தது. இரண்டு கரண்டிதான் குறைந்திருந்தது. அந்த அம்மா அழுகிறார் என்றான் மார்க். வீட்டுக்குப் போவோம் என்கிறாராம்.

மடம் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, பிழை நம்முடையது என்றார். இந்தச் சூப் அவருக்குத் தெரிந்த சூப். தெரிந்ததைக் கொடுத்தால் இல்லாததைத்தான் தேடுவார். அவர் ஒருநாளும் சாப்பிடாத ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

அடுப்பில் தாராக் கால்கள் தயாராக இருந்தன. ஏழு வருடமாக அவர் சாப்பிட்ட அதே கால். மடம் என்னைப் பார்த்து, "உங்கள் மிளகாய் எங்கே?" என்றார்.

நான் கோட்டை எடுக்க ஓடினேன். திரும்பி வருவதற்குள் மடம் காலிலிருந்து இறைச்சியைப் பிய்த்து நார் நாராக ஆக்கியிருந்தார். தாச்சியில் தாராக் கொழுப்பைச் சூடாக்கி, கடுகைப் போட்டேன். வெடித்தது. செத்தல் மிளகாயைக் கிள்ளிப் போட்டு, கறுக்க முன் இறைச்சியைக் கொட்டி, விளிம்பெல்லாம் மொறுகும்வரை பிரட்டினேன். குசினி முழுக்க இருமியது. சாந்தெல் மடத்தின் ஊர்ப் பச்சைப் பருப்பை அவித்ததில் கடுகு விழுதும் வினாகிரியும் விட்டுக் கலந்தாள். பொரித்த தோலை மடம் கையால் நொறுக்கி மேலே தூவினார். கரண்டிக் கிண்ணத்தை நான் நீட்டினேன். ருசி பார்க்க அவர் கரண்டி எடுக்கவில்லை. மூக்கைக் கையால் பொத்திக்கொண்டு ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார். மென்றார். அக்காவின் தட்டை மார்க்கிடம் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் போனார். அவர் சேவை நேரத்தில் அப்படிப் போனதை நான் அதற்குமுன் கண்டதில்லை.

கண்ணாடியால் பார்த்தேன். மடம் தட்டை வைத்து, ஏதோ சொல்லி, நாற்காலி ஒன்றை இழுத்து அங்கேயே இருந்துவிட்டார். மங்களம் அக்கா மரியாதைக்கு ஒரு வாய் எடுத்தார். நிறுத்தினார். மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். இன்னொரு வாய். இன்னொன்று. கைப்பை மடியிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது, அவர் கவனிக்கவில்லை. தர்மலிங்கம் அண்ணை தன் தட்டைத் தொடாமல் மனைவி சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்க் உள்ளே வந்தான். கையில் ஓர்டர் துண்டு. நேர்த்தியான அதே எழுத்து: "கடுகு இரண்டு விதம். ஒன்று வெடிச்சது, ஒன்று அரைச்சது. செத்தல் மிளகாய், கொழுப்பிலை பொரிச்சது. இதை ஆர் விட்டது உங்கை?"

அதை வாசித்துவிட்டு நான் குளிர் அறைக்குள் போனேன். சிரிக்கப் போனவன் இல்லை என்று சாந்தெலுக்குத் தெரியும்.

அப்பிளும் ஐஸும் போன பிறகு மடம் கதவைத் திறந்து என்னை வரச் சொன்னார். ஏப்ரனோடு போய் நின்றேன். மங்களம் அக்கா எழுந்துவிட்டார்.

"நீங்களே அது? நான் நல்ல வயசு போன ஆள் எண்டெல்லோ நினைச்சிருந்தனான்."

"எழுத்து அப்பிடி, அக்கா."

"தம்பி, மணம் ஒண்டும் வரேல்லை. பொய் சொல்லமாட்டன். ஆனா வாய் எரிஞ்சுது, கண்ணாலை தண்ணி வந்தது. எட்டு மாசத்திலை சாப்பிட்டனான் எண்டு தெரிஞ்சது இண்டைக்குத்தான்." பிறகு குரலைத் தாழ்த்தி, சூப்பைத் திருப்பி அனுப்பியதற்கு மடம் கோபிக்கவில்லையா என்று கேட்டார். நான் மடத்துக்குச் சொன்னேன். மடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "முப்பது வருடத்தில் என் சூப்பைத் திருப்பி அனுப்பத் துணிந்த ஒரே ஆள் நீங்கள்" என்றார். அதை மொழிபெயர்த்ததும் அக்கா சிரித்தார். தர்மலிங்கம் அண்ணை கழுத்துப்பட்டியைத் தளர்த்திவிட்டு, அப்போதுதான் தன் ஆறிப்போன தாராவைச் சாப்பிடத் தொடங்கினார்.

அடுத்த வாரம் அக்கா சமைக்கத் தொடங்கிவிட்டதாக அபி அழைத்துச் சொன்னாள். தாளிப்பைச் சத்தத்தைக் கேட்டே பிடிக்கிறாராம். உப்பு மட்டும் பிரச்சினை. படையல் பழக்கத்தால் அவர் வாயில் வைத்துப் பார்க்க மாட்டார். அதற்கு அண்ணை பக்கத்தில் நிற்கிறார். மிசிசாகாவில் விமான நிலைய வேலையில் முப்பது வருடம் இருந்த காலத்தில் தண்ணீர் எடுக்க மட்டும் அடுப்படிக்குப் போன மனிதர், இப்போது அகப்பையை வாங்கி உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்து, உப்புக் காணும், காணாது என்று தீர்ப்புச் சொல்கிறாராம். நவம்பரில் எங்கள் விடுமுறைத் திங்கள் ஒன்றில் எங்களையெல்லாம் மார்க்கத்திலுள்ள தங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். மடம் கையால் சாப்பிட்டார். அண்ணையின் தீர்ப்பால் நண்டுக் குழம்புக்கு உப்பு சற்றுக் கூடத்தான் செய்தது. நாங்கள் மூன்று பேரும் சமையற்காரர்கள். மூன்று பேரும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டோம்.

பங்குனி மாதம், பனி கரைகிற நேரம், ஒரு காலையில் தர்மலிங்கம் அண்ணை அழைத்தார். மூச்சு வாங்கியது.

"குணா, நான் கீழை வெங்காயம் வதக்கிக்கொண்டு நிண்டனான். அவ மேலை அறையிலை. கொஞ்சம் பராக்குப் பாத்திட்டன். அவ மேலையிருந்து சத்தம் போடுறா, ஆரது வெங்காயத்தைக் கருக்கிறது எண்டு."

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மேல் அறை. கதவு சாத்திய அறை.

"அக்கா இப்ப எங்கை அண்ணை?"

"சட்டிக்கு மேலை குனிஞ்சு நிண்டு மணக்கிறா. வேறை ஒண்டும் வரேல்லையாம், இது மட்டும்தானாம். நானும் பிள்ளையும் பக்கத்திலை நிக்கிறம். புகை அலாரம் அடிக்குது, கேக்குதே?"

கேட்டது. அதற்குள்ளால் ஒரு பெண் சிரிக்கிற சத்தமும் கேட்டது.

"அடுப்பை நிப்பாட்டினியளோ அண்ணை?"

"இன்னும் இல்லை" என்றார். "அவ விடுறா இல்லை."